எம்எக்ஸ்-5க்கு எந்த ரேடியேட்டர்? தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள்

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். 1999 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், மேனுவல் கியர். ரேடியேட்டரின் மேல் டேங்க் கறுப்பு நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை வண்டியை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறார். மற்ற நாளெல்லாம் அது வேலைக்குப் போய்வருகிற வண்டி. டர்போ கிடையாது. பழையது மாதிரியே பிளாஸ்டிக் டேங்க் வைத்ததைப் போடலாமா, 37 மி.மீ. தடிமனுள்ள முழு அலுமினியம் போடலாமா, இல்லை 53 மி.மீ. போட்டுவிட்டால் இனிக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல தயாரிப்பாளர் செய்த 37 மி.மீ. அலுமினியம். கம்பெனி ஃபேன்களும் அவற்றின் கூடும் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பொருந்த வேண்டும். 53 உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் காசை எடுப்பதற்கு முன்னால் வண்டியின் மூக்குப் பகுதியில் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் எந்த ரேடியேட்டரைப் போட்டாலும் கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்தான்.

முதலில் அந்தப் பழுப்பு டேங்க். அது கண்ணாடி இழை கலந்த நைலான். வருடக்கணக்கில் சூடும் கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) பட்டுப் பட்டு நைலான் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கறுப்பு மங்கி, பச்சை கலந்த பழுப்பாக மாறுவது அதன் வெளி அடையாளம். எஞ்சினிலிருந்து கொதிக்கக் கொதிக்க வருகிற தண்ணீர் முதலில் மேல் டேங்கில்தான் விழுகிறது. அதனால்தான் கீழ் டேங்க் இன்னும் கறுப்பாகவே இருக்கும். விரிசல் பெரும்பாலும் மேல் டேங்கில், அலுமினியத் தகட்டோடு மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பை ஒட்டி வரும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இதை மாற்றும்வரை டிராக் பக்கம் போகாதீர்கள். நெடுந்தூரப் பயணமும் வேண்டாம்.

இனி அந்த வண்டியைப் பற்றி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்டா இதை அறிமுகப்படுத்தியபோது, எஞ்சினைப் புதிதாகச் செய்யவில்லை. முன்சக்கரம் இழுக்கும் 323 காருக்குச் செய்த எஞ்சின் குடும்பத்தை எடுத்துத் திருப்பி, நீளவாக்கில் வைத்தார்கள். உங்கள் 1.8-ம் அதே குடும்பம். 323-ல் தண்ணீர் எஞ்சினின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். எம்எக்ஸ்-5ல் அந்த மறுமுனை டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள சுவரோடு ஒட்டிப்போனதால், சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் தண்ணீரின் வெளிவாயையும் முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் நுழைகிறது, முன்னாலேயே வெளியேறுகிறது. பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் பங்கு குறைகிறது. ஹெட் கேஸ்கெட்டில் (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு) உள்ள துளைகளை அளவு மாற்றிப் பின்பக்கம் தண்ணீரைத் தள்ளப் பார்த்திருக்கிறார்கள். சாலையில் ஓட்டுவதற்கு அது போதும். டர்போ போட்டவர்கள் வெளிவாயைத் திரும்பவும் பின்பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து நீண்ட ஹோஸ் வைத்து ரேடியேட்டருக்கு இழுப்பது இதனால்தான். உங்கள் அளவு ஓட்டத்துக்கு அது வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: பின் சிலிண்டரின் சூடு குறைய வேண்டுமானால் தண்ணீர் ஓடும் வழி மாற வேண்டும். ரேடியேட்டரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த வழி மாறப்போவதில்லை.

டிராக்கில் ஏன் சூடாகிறது? நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் சீராகப் போகும்போது இந்த மாதிரிச் சின்னக் கார் ஏறக்குறைய 20 குதிரைத் திறன்தான் செலவழிக்கிறது. எஞ்சினால் கொடுக்க முடிந்தது சுமார் 140. டிராக்கில் இருபது நிமிடம் அந்த முழுத் திறனைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது என்பது பொதுக் கணக்கு. சாலையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்த ரேடியேட்டர், டிராக்கில் பல மடங்கு வேலை செய்கிறது.

நான் இருப்பது மெல்பர்னில். என்னுடையதும் இதே 1.8தான். பிலிப் தீவு டிராக்கில் நேர்ப்பாதை நீளம், வேகம் அதிகம், கடற்காற்று வேறு. அங்கே நாள் முழுக்க ஓட்டியும் சூடு ஏறாத வண்டி, வடக்கே பெனாலா பக்கம் இருக்கும் வின்டன் டிராக்கில் கோடையில் ஐந்தாவது சுற்றிலேயே திணற ஆரம்பித்தது. அதே ரேடியேட்டர், அதே கூலன்ட், அதே கால்தான் ஆக்ஸிலரேட்டரில். வின்டன் 3 கிலோமீட்டர்தான், 12 வளைவு. இரண்டாவது கியரிலும் மூன்றாவதிலும் எஞ்சின் கத்துகிறதே தவிர, வண்டி வேகமாக நகர்ந்து காற்றை அள்ளுவதில்லை. அன்றைக்குத்தான் எனக்குக் காற்றின் அருமை புரிந்தது.

ரேடியேட்டர் வழியாகக் காற்று தானாகப் போவதில்லை. அதற்கு முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் குறையவும் இருக்க வேண்டும். காற்றுக்கு வேறு சுலபமான வழி கிடைத்தால் அதில்தான் போகும். பம்பர் வாயில் நுழைந்த காற்று ரேடியேட்டரின் இரு ஓரமும், மேலேயும், கீழேயும் உள்ள இடைவெளிகளில் வழுக்கிப் போய்விடும். உங்கள் வண்டியின் முன்னால் குனிந்து, பம்பர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரைச் சுற்றி எஞ்சின் அறை எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் காற்று ஓட்டை. என் வண்டியில் பக்கத்துக்கு நான்கு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

அடுத்தது வண்டியின் வயிற்றுப் பக்கம் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் அடித்தட்டு. எண்ணெய் மாற்றும்போது கழற்றி, கிளிப் உடைந்துவிட்டது என்று மூலையில் போட்டுவிடுவார்கள். இருபது வருடம் ஓடிய எம்எக்ஸ்-5களில் அது இல்லாத வண்டியை அடிக்கடி பார்க்கிறேன். அது வெறும் சேறு தடுக்கும் தட்டு என்று நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கீழே ஓடும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறி, ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தைக் கூட்டிவிடும். முன்னும் பின்னும் அழுத்தம் சமமாகிவிட்டால் காற்று எதற்காக உள்ளே வரப்போகிறது? வண்டி வேகமாகப் போகப் போகச் சூடும் ஏறுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தத் தட்டைத்தான்.

இடைவெளிகளை அடைக்க நான் செய்தது: முதலில் அட்டைப் பெட்டியை வெட்டி வடிவம் பார்த்தேன், அப்புறம் மெல்லிய அலுமினியத் தகட்டில் அதே வடிவத்தை வெட்டி, ஓரங்களில் தண்ணீர் உறிஞ்சாத ஸ்பாஞ்சு பட்டையை ஒட்டினேன். ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. நம்பர் பிளேட் பம்பர் வாயை மறைத்துக்கொண்டு இருந்ததைச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு நகர்த்தினேன். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரில் பூச்சியும் புல் விதையும் மண்டிக் கிடந்தன. எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சினால் அத்தனையும் வெளியே வரும். அழுத்தம் அதிகமாக வைத்தால், காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கிப்போகும். இவ்வளவும் செய்தபின் அதே வின்டனில் அதே பழைய ரேடியேட்டரோடு ஓட்டினேன். முன்பு ஐந்தாவது சுற்றில் வந்த திணறல் அன்று வரவேயில்லை.

இப்போது தடிமன் கணக்கு எளிதாகப் புரியும். காற்று ரேடியேட்டரின் முன்பக்கம் நுழையும்போது குளிர்ந்திருக்கிறது. ஃபின்களுக்கு நடுவே போகப் போகச் சூடாகிறது. கடைசி 15 மி.மீ.யை அது தொடும்போது ஏற்கெனவே வெந்துபோன காற்று. அதற்கும் தண்ணீருக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைந்துவிட்டதால் வாங்கிக்கொள்வதும் குறைவு. ஆகவே தடிமனை இரட்டித்தால் குளிர்ச்சி இரட்டிக்காது. அதோடு தடிமன் கூடக் கூடக் காற்றுக்குத் தடை கூடுகிறது. அதிவேகத்தில், நல்ல காற்றுப் பாதையும் இருந்தால், அந்தத் தடையை மீறிக் காற்று போய்விடும். சிக்னலில் நிற்கும்போது? ஃபேன்தான் இழுக்க வேண்டும். 53 மி.மீ. போட்டு, ஓரம் எதையும் அடைக்காமல், டிராக்கில் நன்றாக இருக்கிறது ஆனால் மாலையில் வீடு திரும்பும் நெரிசலில் சூடேறுகிறது என்று வருபவர்கள் இருக்கிறார்கள். டர்போவோடு அரை மணி நேரம் விடாமல் ஓட்டுகிறவருக்கு 53 சரி, அவருக்குத் தண்ணீர் குறுக்கே ஓடும் கிராஸ்ஃப்ளோ வகைகூட நல்லதே. உங்கள் கதை அது இல்லை.

விளம்பரத்தில், தண்ணீர் ஓடும் டியூப் மூன்று வரிசை, நான்கு வரிசை என்று போடுவார்கள். வரிசை எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். அகலமான டியூப் இரண்டு வரிசையில் இருப்பது, குறுகலான டியூப் மூன்று வரிசையில் இருப்பதைவிடப் பல சமயம் நன்றாக வேலை செய்யும். டியூபின் எவ்வளவு பரப்பில் ஃபின் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு. செம்பு அலுமினியத்தைவிடச் சூட்டை நன்றாகக் கடத்துமே என்று கேட்பார்கள். கடத்தும், உண்மைதான். ஆனால் செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஃபினையும் டியூபையும் சேர்ப்பது ஈயப்பற்று. அது சூட்டைக் கடத்துவதில் மட்டம். டியூபும் குறுகல், எடையும் அதிகம். அலுமினியத்தை உலையில் வைத்து ஒரே உலோகமாகப் பற்றவைக்கிறார்கள், அகலமான டியூபும் வைக்க முடிகிறது. இந்தக் காருக்கு அலுமினியத்தை விட்டு வேறு பக்கம் பார்க்கத் தேவையில்லை.

பிளாஸ்டிக் டேங்க் வகையை மட்டமாக நினைக்க வேண்டாம். சாலையில் மட்டும் ஓடும் வண்டியென்றால், டென்சோ மாதிரி கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரைத்தான் போடச் சொல்வேன். பெயர் தெரியாத முழு அலுமினியத்தைவிட அது பல வருடம் நிம்மதியாக ஓடும். உங்களுக்கு டிராக் இருப்பதால்தான் அலுமினியம் சொல்கிறேன். அதில் கோயோ என்ற ஜப்பானியத் தயாரிப்பு இந்தக் காருக்கு நெடுநாளாகப் பலரும் போட்டுப் பார்த்தது. நானும் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் விலை மலிவு என்று ஒரு மூன்று வரிசை அலுமினியம் வாங்கிப் போட்டேன். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பதினான்காவது மாதம், வின்டனில் மூன்றாவது ஓட்டத்தின்போது, டியூப் தலைத்தகட்டில் (டேங்கை ஒட்டி டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் தகடு) சேரும் இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகியிருக்கிறது. மீட்டர் முள் நடுவிலேயே நின்றது. இந்தக் காரின் முள் அப்படித்தான்: எண்பது டிகிரியிலும் நூறிலும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, தண்ணீர் இறங்கிப்போன பிறகு சென்சாரைத் தொடுவதற்குத் தண்ணீரே இருக்காது. வெறும் ஆவியில் நிற்கும் சென்சார் உண்மைச் சூட்டைக் காட்டாது. கூலன்ட்டின் இனிப்பு வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் நிறுத்தினேன். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. விற்றவர்கள் உத்தரவாதப்படி இன்னொரு ரேடியேட்டர் அனுப்பினார்கள், ஹெட் செலவு என் தலையில். ஆயுட்கால உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்: உத்தரவாதம் ரேடியேட்டருக்குத்தான், எஞ்சினுக்கு இல்லை. ரேடியேட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, தனியாக எண் காட்டும் வெப்பமானியும், முடிந்தால் தண்ணீர் அளவு குறைந்தால் கத்தும் அலாரமும் வையுங்கள்.

பெட்டி வந்ததும் உடனே மாட்டிவிடாதீர்கள். மேசையில் துணி விரித்து வைத்து, ஹோஸ் மாட்டும் கழுத்துக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். வெல்டிங் சொட்டு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால் விரலில் தட்டும். கழுத்தின் வெளியே ஹோஸ் நழுவாமலிருக்கும் வரம்பு வட்டமாக, முழுதாக இருக்கிறதா? மூடி உட்காரும் வளையத்தில் நகத்தால் ஒரு சுற்று வாருங்கள். கீறல் பட்டால் அங்கே அழுத்தம் நிற்காது. கழுத்தின் ஆழம் உங்கள் மூடிக்கு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். மலிவானவற்றில் இது தப்பிப்போய், புது மூடி போட்டும் அழுத்தமே ஏறாமல் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அடியில் உள்ள வடிகால் திருகை விரலால் சுழற்றுங்கள்; மரை தாண்டாமல் போக வேண்டும். அப்புறம் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, வாயை அடைத்து, நன்றாகக் குலுக்கி வெள்ளைப் பாத்திரத்தில் கொட்டுங்கள். என் பழைய மலிவு ரேடியேட்டரிலிருந்து சாம்பல் நிறப் பொடியும் சுருள் சுருளாக அலுமினியத் துருவலும் வந்தன. அதையெல்லாம் நான் அன்றைக்கே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாக, வழிகளை அடைத்து (சதுர சென்டிமீட்டருக்கு) ஒரு கிலோ அழுத்தம் கொடுத்துக் குளியல் தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கிவையுங்கள். குமிழ் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆர்டர் போடும்போது வண்டியின் ஆண்டைச் சரியாகச் சொல்லுங்கள். முதல் தலைமுறைக்கானதும் உங்கள் இரண்டாம் தலைமுறைக்கானதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஃபேன் மாட்டும் காதுகள் மாறலாம். ஆட்டோமேட்டிக் வண்டிக்கானதில் கியர் எண்ணெய்க்கு இரண்டு வாய் கூடுதலாக இருக்கும். மேனுவலில் அதை மூடிவிட்டு ஓட்டலாம்.

ஃபேனில் கைவைக்க வேண்டாம். கம்பெனி ஃபேன் இரண்டும், அவற்றைச் சுற்றிய கூடும் நன்றாகவே செய்யப்பட்டவை. மெல்லிய ஃபேன்களைப் பிளாஸ்டிக் ஊசியால் கோரில் (டியூபும் ஃபினும் உள்ள நடுப்பகுதி) குத்தி மாட்டுவார்கள். நாளடைவில் அந்த ஊசி டியூபை அரித்துவிடும். கூடு இல்லாத ஃபேன், தன் இறக்கைக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றிழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும்.

மூடியைப் புதிதாக வாங்குங்கள், கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கே. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். ஒரு கிலோ அழுத்தத்தில் 125-ஐத் தாண்டும். அந்த வித்தியாசம் முழுக்க ஒரு ரப்பர் வளையத்தை நம்பி இருக்கிறது. குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் சூடேறாது என்பதை நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை. அது முழுதாகத் திறந்துவிட்ட பிறகு மேலே எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டரின் கையில், காற்றின் கையில். கம்பெனி டிகிரியிலேயே புதிதாக ஒன்று போடுங்கள்.

கூலன்ட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது; காய்ச்சி வடித்த தண்ணீர். தண்ணீரோடு கலக்கும் கிளைக்கால் (கூலன்ட் புட்டியில் வரும் திரவம்) கூடக் கூடச் சூட்டை ஏந்தும் திறன் குறையும், ஆனால் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது, அதனால் புட்டியில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். பழைய கூலன்ட்டை முழுதாகக் கழுவி எடுத்த பிறகே வேறு நிறத்தை ஊற்றுங்கள். நிரப்பி முடித்ததும், வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையைக் கூலன்ட்டுக்குள்ளும் (உலோகத்தில் படாமல்) வைத்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் வயர் கெட்டிருக்கிறது; அந்த மின்சாரம் அலுமினியத்தை உள்ளிருந்தே தின்றுவிடும்.

மாட்டும்போது பழைய ஹோஸ்களை முறுக்கி இழுக்காமல் கத்தியால் கீறி எடுத்துவிடுங்கள். எப்படியும் புது ஹோஸ்தான் போடப்போகிறீர்கள். அடியில் உள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள், ரேடியேட்டர் லேசாக அசைய இடம் இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அதிர்வெல்லாம் வெல்டிங்கில் போய் நிற்கும். தண்ணீர் ஊற்றும்போது வண்டியின் மூக்கைச் சாய்தளத்தில் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழ் நின்ற பிறகும், ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து அளவு பாருங்கள். அரை டம்ளராவது இறங்கியிருக்கும், நிரப்புங்கள். ஹோஸ் கிளிப்களை ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டு, ஒரு வாரம் சாலையில் மட்டும் ஓட்டிய பிறகு, டியூபும் தலைத்தகடும் சேரும் கோட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் கசிந்து உலர்ந்திருந்தால் அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருக்கும். இல்லையென்றால் டிராக்குக்குப் பதிவு செய்யலாம்.